நீல முகட்டுச் சாலையில் ஒரு பாட்டு வண்டி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் புறத்திலே, வேர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கி வட கரோலைனாவின் மேற்குப் பகுதிவரை, அப்பலாச்சிய மலைத்தொடரின் முதுகின்மேல் ஏறியும் இறங்கியும் ஒரு சாலை செல்கின்றது. ‘புளூ ரிட்ஜ் பார்க்வே’ என்பது அதன் பெயர். நாம் அதனை நீல முகட்டுச் சாலை எனலாம். அதன் நீளம் 469 மைல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனைவரை நம் நாடு முழுவதையும் நெடுக்காக அளந்தாலும் ஏறக்குறைய 270 மைல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அச்சாலையின் நீளம் மனத்திற் பதியும்.

இத்தனை நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டியும் ஓடுவதில்லை. விளம்பரப் பலகை ஒன்றேனும் இல்லை. மணிக்கு 45 மைலுக்கு மேற்பட்ட வேகம் கூடாது. 1935 ஆம் ஆண்டு, நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலத்தில், மலைநாட்டு மக்களுக்குத் தொழில் கொடுப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வேலை, 1987 இலேதான் முற்றுப்பெற்றது. கடைசிவரை எஞ்சி நின்ற துண்டு, கிராண்ட்பாதர் என்னும் மலையின் பக்கத்தே இருந்தது. பாறைச் சரிவை வெட்டிக் காயப்படுத்தாமல் அங்கே சாலையை எப்படிக் கொண்டுபோவது? பொறியியலாளர் சாலையை நிலத்திலிருந்து தூக்கி, மலையைத் தொட்டும் தொடாமலும் வளைந்து செல்லும் ஒரு பாலமாக்கிவிட்டனர். 1243 அடி நீளமான அந்த லின் கோவ் பாலம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 தொன் எடையுள்ள 153 கொங்கிறீற்றுத் துண்டங்களால் ஆனது. அவற்றுள் நேரான துண்டம் ஒன்றே ஒன்றுதான்.

நீல முகடு என்பது வெறும் அலங்காரப் பெயரன்று. அம்மலைகளில் அடர்ந்து நிற்கும் மரங்கள் வெயிற்காலத்தில் ஒருவகை ஆவியை வெளிவிடுகின்றன. அது காற்றிற் கலந்து மெல்லிய புகாராகப் பரவுவதனால், தூரத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டே போகின்றன. ஐந்தாவது, ஆறாவது வரிசைக்குமேல் மலையெது, வானமெது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இத்தகைய இடத்திற்குப் போகிறவன் பாட்டுப் பெட்டியையும் காவிக்கொண்டு போகவேண்டுமா என்று வாசகர்கள் வினவலாம். நானும் வினவினேன். ஆனால் 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அச்சாலையை நான் கண்டது என் அண்ணருடைய மோட்டார் சைக்கிளின் பின்னாசனத்தில் இருந்தபடி. அந்த வண்டியோ நான்கு ஒலிபெருக்கிகளையுடையது.

சுற்றுலா மோட்டார் சைக்கிள் என்பது நம்மூர்த் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிளுடன் ஒப்பிடத் தக்கதன்று. முன்னே காற்றைத் தடுக்கும் அகன்ற கவசமும் கண்ணாடியும், இரு பக்கமும் பூட்டுப்போட்ட பெட்டிகளும், பின்னே முதுகு சாயவும் கை வைக்கவும் வசதியுள்ள ஆசனமும் அதற்கு உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருடைய சாய்மனைக் கதிரைக்குச் சில்லுப் பூட்டியதுபோல என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் இவ்வசதிகளெல்லாம் தொடக்கத்திலேயே வந்தவையல்ல. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தார் வௌவாலின் சிறகு போன்ற தமது காற்றுக் கவசத்தை வெளியிட்டது 1969 இல். ஹொண்டா நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘கோல்ட் விங்’ 1974 இல் ஜேர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டபோது, அதற்குக் கவசமுமில்லை, வானொலியுமில்லை. வாங்கியவர்கள் தாமே கவசம் பூட்டினார்கள், தாமே பெட்டி பூட்டினார்கள். அதைக் கண்ட நிறுவனத்தார் 1980 இல் தொழிற்சாலையிலேயே கவசம் பூட்டிய வண்டியை விற்கத் தொடங்கினர். வேண்டுவோருக்கு அதில் வானொலியும் உண்டு. காருக்குள் வானொலி 1930 ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. காரணம் எளியது: காருக்குச் சுவர் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. காற்றைப் பாட்டு வெல்லவேண்டும்.

என் அண்ணர் வட கரோலைனாவின் சார்லட் நகரில் வசிக்கிறார். வயது ஐம்பத்துமூன்று. தொழிற்சாலை ஒன்றிலே யந்திரங்களுக்கு நடுவே வேலை. அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் வயது ஏறத்தாழ இருபது. வெயிலும் மழையும் பட்டு அதன் ஒலிபெருக்கிகளின் கடதாசிக் கூம்புகள் வெடித்திருந்தன. வானொலியின் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. புதிய கருவிகளை வாங்கிப் பெட்டியோடு வைத்துக்கொண்டு, நான் வரும்வரை அவர் காத்திருந்தார்.

“நீதானே பௌதிகம் படிப்பிக்கிறாய். வந்து பிடி” என்பதே விமான நிலையத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை.

ஏன் என்னைக் காத்திருந்தார் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிகள் தடை செய்யப்பட்ட பொருட்கள். ஆயினும் உலகச் செய்தி வேண்டும், பீ.பீ.சீ. தமிழோசை கேட்டாகவேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, விளக்குக்காகப் பூட்டிய தைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுக்கும் வித்தையை அக்காலத்தில் வீட்டுக்கு வீடு செய்தனர். தைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளும் ஓர் ஒடுக்கியும் வேண்டும். பழைய வானொலி ஒன்றைக் குடைந்து அவற்றை எடுத்துப் பற்றாசு வைத்தவர் அண்ணர். மிதியைச் சுற்றியவன் பன்னிரண்டு வயதான நான். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். “சுத்தடா தம்பி” என்று அண்ணர் அதட்டுவார். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். சில ஆண்டுகளில் அண்ணர் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

வேலைக்கு இரண்டு நாள் எடுத்தது. அண்ணருடைய வாகனக் கொட்டிலில் வண்டியின் முன் கவசத்தைக் கழற்றத் தொடங்கினால், திருகாணிகளுக்கு முடிவேயில்லை. ஒன்று நீளம், ஒன்று கட்டை. மாறிப் பூட்டினால் பிளாஸ்ரிக் வெடித்துவிடும். எது எங்கே இருந்தது என்று ஒழுங்காக வைப்பதற்கு அண்ணர் கண்டுபிடித்த சாதனம் அண்ணியின் இட்டலித் தட்டு. குழிக்கு ஒரு வரிசைத் திருகாணியாக நான்கு தட்டுகளும் நிரம்பின. அன்று காலையுணவு பாணும் சம்பலும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

இவ்வேலையின் நுட்பம் கருவியின் விலையில் இல்லை என்பதே என் அபிப்பிராயம். கூடிய உவாற்று வாங்கினால் கூடிய பாட்டு வருமென்று பலர் எண்ணுகின்றனர். இருபது உவாற்றை நாற்பதாக்கினால் ஒலியில் மூன்று டெசிபெல்தான் கூடும். காது அதை ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்றே உணரும். இருமடங்காகக் கேட்பதுபோல் தோன்றவேண்டுமானால் வலுவைப் பத்து மடங்காக்க வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளின் சிறிய மின்பிறப்பாக்கி எங்கே போகும்? ஆதலால், நன்றாக ஒலிக்கும் ஒலிபெருக்கியும், மின்னை வெப்பமாக்கி வீணாக்காத பெருக்கியுமே முக்கியம். அண்ணர் வாங்கியிருந்த பெருக்கி புதுமுறையிலானது. ஒரு சிறு புத்தகம் அளவே இருந்தது. அதை ஆசனத்தின் கீழே வைத்தோம்.

பற்றரியிலிருந்து பெருக்கிக்குத் தடித்த கம்பி தனியாக இழுக்கவேண்டும். அக்கம்பியில், பற்றரிக்கு மிக அண்மையிலே, உருகி ஒன்று இருக்கவேண்டும். கம்பி எங்கேயாவது உரசி இரும்பிற் பட்டால், உருகிக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள துண்டத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. ஆகவே அத்துண்டம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. வண்டியின் சாவியைத் திருப்பும்போது மட்டும் பெருக்கி விழிக்கும்படி மெல்லிய கம்பி ஒன்றும் வேண்டும். அதைப் பூட்டாமல் விட்டால் இரவு முழுவதும் பெருக்கி பற்றரியை உறிஞ்சிவிடும்.

ஒலிபெருக்கிகளைப் பூட்டுமுன் ஒரு சோதனை செய்தேன். ஒன்றரை உவோற்று மின்கலம் ஒன்றை எடுத்து, பழைய ஒலிபெருக்கிகளின் கம்பிகளில் ஒரு கணம் தொட்டேன். ஒன்றின் கூம்பு வெளியே துள்ளியது. மற்றதன் கூம்பு உள்ளே போயிற்று. எப்போதோ ஒரு திருத்துமிடத்தில் கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். எத்தனையோ ஆண்டுகளாக அண்ணரின் மிருதங்கத்துக்குத் தொப்பி இல்லாமல் இருந்திருக்கிறது! இம்முறை நான்கையும் ஒரே திசையில் துள்ளவைத்தோம்.

இவ்வளவும் பூட்டியபின் அண்ணர் ஒலியைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். எனக்குக் காதைப் பொத்தவேண்டியிருந்தது. அவரோ, “இப்பதான் கொஞ்சம் தெளிவாய்க் கேக்குது” என்றார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிரவு, அண்ணர் உறங்கச் சென்றபின், அலுமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து காட்டினார். செவிப் பரிசோதனை செய்த படம். கோடு ஒரு பக்கத்திலிருந்து சீராக வந்து, 4000 அதிர்வு என்னும் இடத்திலே கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. பேரிரைச்சலில் நெடுங்காலம் இருந்தவர்களின் காது அப்படித்தான் பழுதுபடும். அந்தப் பள்ளமே அதன் கைநாட்டு. தொழிற்சாலை யந்திரங்கள் பாதி. மற்றப் பாதி அந்த மோட்டார் சைக்கிள். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் தலைக்கவசத்தினுள்ளே காற்றின் இரைச்சல் மட்டும் ஏறக்குறைய நூறு டெசிபெல் இருக்கும். அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். நூறு டெசிபெலுக்குக் கணக்குப் பார்த்தால் கால் மணி நேரம்! அண்ணர் ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஓடுகிறவர். அதன்மேல் பாட்டு வேறு.

“மெசின் போடச் சொன்னவை. கிழவனாய்ப் போனேனோ எண்டு கேட்டுப் போட்டு வந்திட்டார்” என்றார் அண்ணி.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எழுபத்தொன்பது வயதான அம்மாவின் குரல் இப்போது நூல்போல மெலிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “அவன் நான் சொல்லுறதைக் காதிலை போடுறானில்லை” என்று என்னிடம் மனக்குறைப்படுவார். உயர்ந்த அதிர்வுகள் கேளாதவருக்குச் சகரமும் தகரமும் தேய்ந்துபோகும். சொல்லின் எலும்பு போய்ச் சதை மட்டும் கேட்கும். அதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

மூன்றாம் நாள் அதிகாலையில் புறப்பட்டோம். நகரத்தை விட்டு வடமேற்கே விரையும் நெடுஞ்சாலையில் புதிய கருவிகளின் பெருமை ஒன்றும் எடுபடவில்லை. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. அது பாட்டின் தாழ்ந்த சுருதியை முழுதாக விழுங்கிவிடும். நூறு அதிர்வுக்குக் கீழ்ப்பட்டதைப் பெருக்கியிலேயே வெட்டிவிடச் சொல்லி அண்ணருடன் முதல் நாள் வாதாடினேன். கேளாத ஒலிக்காக மின்னைச் செலவிடுவானேன்? வெட்டியபின், எஞ்சியது துலங்கியது. இதிலே நான் கண்ட ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வீணை காற்றில் மறைந்துவிடுகிறது. வயலின் அரைகுறையாக வருகிறது. நாதஸ்வரமோ அறுபது மைல் வேகத்திலும் அசையாமல் நிற்கின்றது! திறந்த வெளிக்காகவே பிறந்த வாத்தியம் அல்லவா? யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலோசை, தேர்முட்டியடியிலிருந்து கேட்பதுபோல் முதுகுப்புறத்து ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தது.

முதல் தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, மெதுநுரையாலான காதடைப்பான் இரண்டு சோடியை எடுத்து ஒன்றை அண்ணரிடம் நீட்டினேன். “பாட்டுக் கேக்கவோ, காதை அடைக்கவோ?” என்று சிரித்தார். இரண்டுக்கும்தான் என்றேன். காதடைப்பான் காற்றையும் பாட்டையும் ஒரே அளவாகக் குறைக்கும். ஆனால் பேரிரைச்சலில் திணறும் காது, அளவு குறைந்ததும் சொற்களைப் பிரித்தறியும். கறுப்புக் கண்ணாடி போட்டவன் வெயிலில் நன்றாகப் பார்ப்பதில்லையா? அவர் நம்பவில்லை. ஆயினும் தம்பி கடல் கடந்து வந்திருக்கிறான் என்ற தாட்சணியத்துக்காகப் போட்டுக்கொண்டார். அடுத்த நிறுத்தம்வரை கழற்றவில்லை என்பதை நான் கவனித்தேன்.

லின்வில் என்னும் சிற்றூரின் அருகே நீல முகட்டுச் சாலையில் ஏறி, லின் கோவ் பாலத்தைக் கடந்து வடக்கே திரும்பினோம். இந்தச் சாலையிலே வேகம் குறைவு, ஆகவே காற்றும் குறைவு. காட்சி காண்பதற்கென்று வழிநெடுக ஒதுக்கிடங்கள் உண்டு. இரைச்சலைப் பற்றித் தேசியப் பூங்காச் சேவையினர் ஒரு விதி வைத்திருக்கின்றனர்: வானொலியாயினும் யந்திரமாயினும், ஐம்பது அடி தூரத்தில் அறுபது டெசிபெலுக்கு மேல் ஒலிக்கலாகாது. அறுபது டெசிபெல் என்பது இருவர் இயல்பாக உரையாடும் ஒலியளவு. நம் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கிக்காரர் கேட்டால் மயங்கி விழுவர். ஒதுக்கிடங்களில் வண்டியை நிறுத்துமுன்பே அண்ணர் பாட்டை நிறுத்தினார். ஓரிடத்தில் வேறு சிலர் நிறுத்தாமல் வந்தபோது, அங்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதிய தம்பதியர் எழுந்து தமது காருக்குள் சென்றுவிட்டனர்.

வேர்ஜீனியா எல்லையைத் தாண்டியதும், 213 ஆவது மைற்கல்லில் அம்மலைநாட்டு இசைக்கென்று ஒரு நிலையம் இருக்கின்றது. அண்மையிலுள்ள கேலக்ஸ் நகரில் 1935 முதல் ஆண்டுதோறும் பிடில் வாசிப்போர் கூட்டம் நடைபெறுகின்றது. இங்கிருந்து மேற்கே, இரு மாநிலங்களின் எல்லை பிரதான வீதியின் நடுவாகச் செல்லும் பிரிஸ்டல் நகரில், 1927 இல் ஓர் ஒலிப்பதிவுக் குழுவினர் வந்திறங்கி, மலைவாசிகளின் பாட்டுக்களை இசைத்தட்டில் ஏற்றினர். அதன்பின்னர் அப்பாட்டு மேலும் நாடறிந்தது. ஸ்கொத்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த பிடிலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் நினைவிற் சுமந்துவந்த பான்ஜோவும் கூடிப் பெற்ற பிள்ளை அந்த இசை.

இசை நிலையத்தின் தாழ்வாரத்தில், இலவசமாக, மூவர் வாசித்துக்கொண்டிருந்தனர். ஒலிபெருக்கி ஒன்றுமில்லை. முப்பது பேர் வரை சுற்றியிருந்தோம். அண்ணர் முன்வரிசையில் அமர்ந்து, முழங்காலில் தாளம் போட்டார். பிடில்காரர் இடையிடையே ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தனர். அண்ணரும் சிரித்தார், ஒரு கணம் பிந்திச் சிரித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “என்ன சொன்னவன்?” என்று கேட்டார். நான் சொன்னேன். மூன்றாம் முறைக்குப் பிறகு, நான் தாமாகவே சொல்லத் தொடங்கினேன்.

நாங்கள் சென்று வந்த மறு ஆண்டு, 2024 செப்டெம்பரில், ஹெலீன் என்னும் புயல் வட கரோலைனாவின் மலைப்பகுதியைச் சூறையாடியது. நாங்கள் ஓடிய சாலையிலும் பல இடங்களில் மண் சரிந்து நெடுநாள் மூடிக்கிடந்தது.

வீடு திரும்பியது இரவு ஒன்பதரை மணிக்கு. யாழ்ப்பாணத்தில் அப்போது காலை ஏழு மணி, ஞாயிற்றுக்கிழமை. கவசத்தைக் கழற்றாமலே அண்ணர் அம்மாவை அழைத்தார். தொலைபேசி வண்டியின் வானொலியுடன் இணைந்திருந்ததை இருவரும் மறந்துவிட்டோம். “ஹலோ” என்ற அம்மாவின் குரல் கொட்டிலின் நான்கு பக்கத்திலிருந்தும் எழுந்தது. நான் எட்டி, உயர்சுருதிக் கட்டையை மேலே தள்ளினேன். ஒலியைக் கூட்டவில்லை.

அம்மா பேசிக்கொண்டே போனார். கிணற்று மோட்டர் பழுதாம். கறுத்தக் கொழும்பான் இம்முறை நன்றாகக் காய்த்திருக்கிறதாம். பக்கத்து வளவுப் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதாம். அண்ணர் ஒரு முறையேனும் “என்னம்மா?” என்று கேட்கவில்லை. ஆசனத்தில் கை ஊன்றியபடி நின்று, ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னார். மாப்பிள்ளை எந்த ஊர் என்றுகூட விசாரித்தார்.

“நீ ஏனடா கத்துறாய்? எனக்குக் காது கேக்கும்” என்றார் அம்மா.

அண்ணி உள்ளே இருந்து வந்து வாசற்படியில் நின்றார். கையில் இட்டலித் தட்டு இருந்தது. அதில் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. அது எவ்விடத்துக்கு உரியதென்று இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. வண்டி ஓடுகிறது. காதுக் கருவியை அண்ணர் ஓகஸ்ட் மாதம் வாங்கினார்.